பலூனையெல்லாம் கழட்டின ராத்திரி: மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு ஒரு ஃபன் டே நடத்தின அனுபவம்

முதல் வருஷம், ஃபன் டேக்கு முந்தின நாள் ராத்திரி ஒரு ஒன்பது மணி இருக்கும். ஹால் முழுக்க பலூன் கட்டி முடிச்சு எல்லாரும் அப்படியே தரையில சாஞ்சு உக்காந்திருந்தோம், கை விரலெல்லாம் நூல் இழுத்து இழுத்து சிவந்து போச்சு. அப்போ ஒரு அம்மா போன் பண்ணாங்க. "தம்பி, நாளைக்கு பலூன் ஏதாவது வைக்கிறீங்களா?"ன்னு கேட்டாங்க. நான் ரொம்ப பெருமையா, ஆமாம்மா முன்னூறு பலூன் கட்டியிருக்கோம்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் "அப்படின்னா நாங்க வரல தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க, மத்த குழந்தைங்க சந்தோஷமா இருக்கட்டும்"னு சொன்னாங்க.

அவங்க பொண்ணுக்கு ஸ்பைனா பிஃபிடா. முதுகெலும்பு சரியா மூடாம பிறக்கிற பிரச்சனை. பிறந்ததுல இருந்து ஆபரேஷன் மேல ஆபரேஷன், யூரின் போறதுக்கு தினமும் டியூப், இப்படி ரப்பர் கிளவுஸும் ரப்பர் டியூபும் சின்ன வயசுல இருந்தே உடம்புல பட்டுப்பட்டு நிறைய குழந்தைகளுக்கு லேடெக்ஸ் (ரப்பர் பால்) அலர்ஜி வந்துடுமாம். பலூன் அந்த லேடெக்ஸ்லதான் செய்யறாங்க. தொட்டா தடிப்பு வர்றதோட நிக்காது, சில பேருக்கு மூச்சே அடைச்சுக்கும், பலூன் வெடிச்சா அந்தத் துகள் காத்துல கலந்தாலே போதும். எங்க யாருக்கும் இது சுத்தமா தெரியாது. அன்னைக்கு ராத்திரி பன்னிரண்டரை வரைக்கும் முன்னூறு பலூனையும் ஒவ்வொண்ணா, வெடிக்காம, வெளியில கொண்டு போய் காத்து இறக்கினோம். தரையை ஈரத்துணியால ரெண்டு தடவை துடைச்சோம். அப்புறம் அந்த அம்மாவுக்கு போன் பண்ணி எல்லாத்தையும் எடுத்துட்டோம், பாப்பாவ கூட்டிட்டு வாங்கன்னு சொன்னேன். அவங்க நன்றின்னு சொல்லல, "நிஜமாவா"ன்னு மட்டும் கேட்டாங்க.

அந்த "நாங்க வரல, மத்தவங்க சந்தோஷமா இருக்கட்டும்"ங்கிற வார்த்தை இன்னும் எனக்குள்ள இருக்கு. இந்தக் குழந்தைகளுக்காகவே நடத்துற நாள்ல கூட அவங்கதான் ஒதுங்கிக்கணும்னு அந்த அம்மாவுக்கு பழகிப் போயிருக்கு பாருங்க. எத்தனை இடத்துல இப்படி சொல்லி சொல்லி பழகியிருப்பாங்க.

நாங்க ஒரு ஏழெட்டு ஃப்ரெண்ட்ஸ், ஆளுக்கொரு வேலை, யாரும் இந்த ஃபீல்டு கிடையாது. எங்கள்ல ஒருத்தனோட அக்கா பையனுக்கு ஆட்டிசம், அவனை இதுவரைக்கும் ஒரு பர்த்டே பார்ட்டிக்கு கூட யாரும் கூப்பிட்டதில்லன்னு அக்கா ஒரு நாள் பேச்சுவாக்குல சொன்னாங்க, அதுல இருந்து ஆரம்பிச்சதுதான். இப்போ மூணு வருஷம் நடத்தி முடிச்சாச்சு. இது மாதிரி நடத்தணும்னு நினைக்கிறவங்க சில பேர் என்கிட்ட கேட்டாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு பதிலா இங்க மொத்தமா எழுதிடறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

முதல்ல ஃபார்ம். முதல் வருஷம் நாங்க ரெஜிஸ்ட்ரேஷன்ல கேட்டது பேரு, வயசு, என்ன டிசெபிலிட்டி, போன் நம்பர், அவ்வளவுதான். "செரிபரல் பால்சி"ன்னு (மூளையில ஏற்பட்ட பாதிப்பால உடம்பு அசைவு சரியா கட்டுப்படாம போறது) எழுதியிருந்தா அதை வெச்சு நமக்கு ஒண்ணும் தெரியாதுங்க. ஒரு செரிபரல் பால்சி குழந்தை ஓடி வந்து பந்து உதைக்கும், இன்னொரு குழந்தைக்கு தலையே நிக்காது. ரெண்டாவது வருஷத்துல இருந்து வேற மாதிரி கேக்கறோம். உங்க குழந்தைக்கு ரொம்ப பிடிச்சது என்ன, எதைப் பார்த்தா இல்ல எந்த சத்தம் கேட்டா பயப்படுவாங்க, "ஆமா" "வேணாம்"னு எப்படி சொல்லுவாங்க, பாத்ரூம் போகணும்னா எப்படி காட்டுவாங்க, அழுதா என்ன செஞ்சா சமாதானம் ஆவாங்க, சாப்பாடு எப்படி கொடுப்பீங்க, எது ஒத்துக்காது, வலிப்பு வருமா, வந்தா வழக்கமா எவ்வளவு நேரம் இருக்கும். இதுல "ஆமா எப்படி சொல்லுவாங்க"ங்கிற கேள்விக்கு வந்த பதிலை எல்லாம் நீங்க படிக்கணும். ஒருத்தன் கண்ணை மேல தூக்குவான், அது ஆமா. ஒரு பொண்ணு நாக்கை நீட்டுவா. ஒருத்தன் கிட்ட எது கேட்டாலும் நீங்க கடைசியா சொன்ன வார்த்தையத்தான் திருப்பி சொல்லுவான், அதனால "ஜூஸ் வேணுமா தண்ணி வேணுமா"ன்னு கேட்டா அது பதில் கிடையாது, ரெண்டையும் கண்ணு முன்னாடி காட்டணும்னு அவங்க அப்பா எழுதியிருந்தாரு. இது தெரியாம இருந்திருந்தா அன்னைக்கு முழுக்க அந்தப் பையனுக்கு தண்ணி மட்டும்தான் கிடைச்சிருக்கும்.

ஃபார்ம் வந்ததும் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் பண்ணி ஒரு பத்து நிமிஷம் பேசுங்க. எழுதறதுல சொல்லாததை எல்லாம் பேசும்போது சொல்லுவாங்க.

முதல் வருஷத்துல பலூனை விட பெரிய தப்பு ஒண்ணு பண்ணோம், அது மேடை. விழான்னா மேடை, மைக், சிறப்பு விருந்தினர், பொன்னாடை எல்லாம் இருக்கணும்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம். பெரிய ஸ்பீக்கர் ரெண்டு வெச்சோம். நாலு பேர் பேசினாங்க, மொத்தம் அம்பது நிமிஷம். அந்த அம்பது நிமிஷமும் குழந்தைங்க சேர்ல. ஸ்பீக்கர் பக்கத்துல ஹியரிங் எய்டு போட்ட ஒரு சின்னப் பொண்ணு மெஷினை கழட்டி அம்மா மடியில போட்டுட்டா. இன்னொரு பையன், ஆறு வயசு, காதை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு ஆடிட்டே இருந்தான், கைதட்டல் வந்த அந்த செகண்ட்ல எழுந்து ஓடினான் பாருங்க, கேட்டு திறந்திருந்துச்சு, வெளிய ரோடு. எங்க ஆள் ஒருத்தன் பின்னாடியே ஓடி ரோட்டுக்கு பத்தடி முன்னாடி பிடிச்சான். ஒண்ணும் ஆகல. ஆனா நான் அன்னைக்கு அந்த கேட்டு பக்கத்துல நின்னு நடுங்கினது மறக்காது.

அதுக்கப்புறம் மேடையே கிடையாது. உதவி பண்றவங்க வரலாம், வந்தா ஒரு கேம் ஸ்டால்ல நின்னு குழந்தைகளோட விளையாடணும், அவ்வளவுதான். சில பேர் வருத்தப்பட்டாங்க, பல பேருக்கு அதுதான் பிடிச்சிருந்துச்சு. கேட்டுக்கு ரெண்டு பேர், அவங்களுக்கு வேற எந்த வேலையும் கொடுக்கக் கூடாது, தண்ணி பாட்டில் எடுத்துட்டு வர சொல்லக் கூட கூடாது. ஒவ்வொரு குழந்தைக்கும் கையில ஒரு பேண்ட், அதுல பெற்றோர் போன் நம்பர் மட்டும் (பேரு வெளிய தெரியிற மாதிரி எழுதாதீங்க, பேரை சொல்லி கூப்பிட்டா தெரியாத ஆள் கூடவும் குழந்தை போயிடும்). கையில எதுவும் கட்ட விடாத குழந்தைக்கு சட்டைக்கு பின்னாடி ஸ்டிக்கர், அதையும் ஒத்துக்கலன்னா ஷூல. கைதட்டறதுக்கு பதிலா ரெண்டு கையையும் மேல தூக்கி ஆட்டறது, காது கேக்காதவங்க அப்படித்தான் பாராட்டுவாங்க, அதையே எல்லாரையும் பண்ண சொன்னோம். சத்தத்துக்கு பயப்படுற குழந்தைக்கும் அது ஒத்துப்போச்சு, பார்க்கவும் அவ்வளவு அழகா இருக்கும், ஹால் முழுக்க கை.

இடம் பார்க்கிறது பத்தி சொல்லணும். ஹால் ஓனர்கிட்ட "வீல்சேர் போகுமா"ன்னு கேட்டா எல்லாருமே "தாராளமா போகும்"னுதான் சொல்லுவாங்க. நம்பாதீங்க. ஒரு வீல்சேர் கடன் வாங்கிட்டுப் போய் நீங்களே அதுல உக்காந்து, வண்டி நிறுத்துற இடத்துல இருந்து ஹால், ஹால்ல இருந்து பாத்ரூம், சாப்பிடுற இடம்னு ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. நான் போனேன். வாசல்ல ஒரே ஒரு படிதான், அரை அடி உயரம், நடந்து வரும்போது அது கண்ணுலயே படல. அந்த அரை அடிக்கு ஆறடி நீளத்துல சாய்தளம் வேணும். ஒரு அடி ஏத்தத்துக்கு பன்னிரண்டு அடி நீளம், அதுதான் கணக்கு, பொதுவா எல்லா இடத்துலயும் 1:12ன்னு சொல்லுவாங்க. பலகையை சும்மா சாய்ச்சு வெச்சு நாலு பேர் தள்ளிக்கலாம்னு விடாதீங்க, பின்னாடி கவுந்துடும். கதவு திறந்த அளவு குறைஞ்சது 32 இன்ச், உள்ள வண்டி திரும்பறதுக்கு அஞ்சடி வட்டம். டேப் எடுத்துட்டுப் போங்க.

பாத்ரூம்தான் எல்லாத்தையும் விட முக்கியம், நான் இதை எவ்வளவு அழுத்தி சொன்னாலும் பத்தாது. முதல் வருஷம் நடுவுல ஒரு அம்மா பையனை கூட்டிட்டு வெளிய போனாங்க, ரொம்ப நேரமா காணோம், நான் தேடிட்டுப் போனேன். கார் பின் சீட்டுல அவனைப் படுக்க வெச்சு, கதவுல துப்பட்டாவ மறைப்பா கட்டி, டயப்பர் மாத்திட்டு இருந்தாங்க. அவனுக்கு பதினோரு வயசு. கால் சீட்டை தாண்டி வெளிய நீட்டிட்டு இருந்துச்சு. எங்க பாத்ரூம்ல கைப்பிடி இருந்துச்சு, அகலக் கதவு இருந்துச்சு, ஆனா பெரிய பையனைப் படுக்க வெச்சு மாத்த இடம் இல்ல, இருந்ததெல்லாம் பாத்ரூம் தரைதான், எந்த அம்மா அதுல படுக்க வைப்பாங்க. அவங்க என்னைப் பார்த்ததும் "சாரி"ன்னு சொன்னாங்க. சாரி சொல்ல வேண்டியது நான்.

அடுத்த வருஷம் பாத்ரூமுக்கு பக்கத்து ரூமை அதுக்குன்னே ஒதுக்கினோம். பிசியோ கிளினிக்ல இருந்து ஒரு ட்ரீட்மென்ட் பெட் கேட்டு வாங்கிட்டு வந்தோம், மேல விரிக்கிற பேப்பர் ரோல், கிளவுஸ் (லேடெக்ஸ் இல்லாதது), வைப்ஸ், மூடி போட்ட குப்பைத் தொட்டி, உள்பக்கம் தாழ்ப்பாள். அந்த ரூமுக்கு ஆன செலவு மொத்த பட்ஜெட்ல கண்ணுக்கே தெரியாது. ஆனா அந்த வருஷம் எத்தனை அம்மாங்க அதைப் பத்தி மட்டும் சொல்லிட்டுப் போனாங்க தெரியுமா, கேம்ஸ் பத்தி கூட அவ்வளவு பேர் சொல்லல.

இன்னொரு ரூம் அமைதி ரூம். லைட் கம்மி, தரையில மெத்தை, சத்தம் குறைக்கிற ஹெட்ஃபோன் நாலு, அவ்வளவு போதும். சத்தமும் வெளிச்சமும் ஆளுங்களும் அதிகமாகி தாங்க முடியாம போற குழந்தைக்கு அது அடம் கிடையாதுங்க, அந்த நேரத்துல நம்ம பேச்சு கூட அவங்களுக்கு கூடுதல் சத்தம்தான். கூட்டிட்டுப் போய் உக்கார வெச்சு சும்மா இருக்கணும். ஒரு பையன் மொத்த நேரமும் அந்த ரூம்லயே இருந்தான், கடைசி இருபது நிமிஷம் மட்டும் வெளிய வந்தான், பபுள்ஸ் பார்த்தான், கிளம்பிட்டான். அவங்க அம்மா ரொம்ப சங்கடப்பட்டாங்க, எல்லாத்தையும் வீணாக்கிட்டானேன்னு. அந்த இருபது நிமிஷம் அவன் சிரிச்ச சிரிப்பை நான் பார்த்தேன், ஒண்ணும் வீணாகல.

சரி, விளையாட்டு. முதல் வருஷம் மியூசிக்கல் சேர், லெமன் அண்ட் ஸ்பூன் மாதிரி வழக்கமானது வெச்சோம், எல்லாமே யாரையாவது வெளிய அனுப்புற விளையாட்டு. வெளிய அனுப்பப்பட்டே பழகின குழந்தைகளுக்கு அதையேவா வைக்கிறதுன்னு ஒரு ஸ்பெஷல் எஜுகேட்டர் மேடம் கேட்டாங்க. சுருக்குன்னு இருந்துச்சு. அவங்கதான் போச்சியா பத்தி சொன்னாங்க. செரிபரல் பால்சி இருக்கிறவங்களுக்காகவே உருவான விளையாட்டு, 1984ல இருந்து பாராலிம்பிக்ல இருக்கு. ஒரு வெள்ளைப் பந்தை முதல்ல போடணும், அப்புறம் சிவப்பு ஆறு, நீலம் ஆறு, யாரோடது வெள்ளைக்கு பக்கத்துல போய் நிக்குதோ அவங்களுக்கு பாயிண்ட். கையால உருட்டலாம், காலால தள்ளலாம், அதுவும் முடியாதவங்களுக்கு ஒரு சறுக்குப் பாதை வெச்சு அதுல இருந்து விடலாம். அந்த சறுக்கை பிடிச்சுக்கிறதுக்கு ஒரு உதவியாளர் இருப்பாங்க, அவங்க கோர்ட்டுக்கு முதுகைக் காட்டிதான் உக்காரணும், திரும்பிப் பார்க்கவே கூடாது, அது ரூல். எங்க குறி வைக்கணும், சறுக்கை இடப்பக்கமா வலப்பக்கமா நகர்த்தணும்ங்கிறதை எல்லாம் விளையாடுறவங்கதான் சொல்லணும்.

நாங்க மழைத்தண்ணி இறங்குற பிவிசி பைப்பை நீளவாக்குல பாதியா அறுத்து, ஓரத்தை உப்புத்தாள் போட்டு தேய்ச்சு, அதையே சறுக்கா வெச்சோம். துணிப்பந்து.

அங்க நடந்த ஒண்ணை சொல்றேன். பதிமூணு வயசுப் பொண்ணு, பவர் வீல்சேர், பேச்சு கிடையாது, டேப்லெட்ல தொட்டு பேசுவா. காலேஜ் படிக்கிற ஒரு பையன் அவளுக்கு பைப்பை பிடிச்சுட்டு உக்காந்தான், முதுகு கோர்ட்டு பக்கம். அவ கண்ணாலயே இடப்பக்கம்னு காட்டினா, அவன் நகர்த்தினான். இன்னும்னு காட்டினா, நகர்த்தினான். திரும்பி வலப்பக்கம் கொஞ்சூண்டு. அப்புறம் பந்தை பைப் உச்சியில வெச்சுட்டு அவ கையை கொண்டு வரணும். கை மேல வரும், அதுவா வேற பக்கம் இழுத்துட்டுப் போயிடும், திரும்ப கொண்டு வருவா, விரல் பந்துல பட்டும் படாம போகும். அந்தப் பையனோட கையை நான் பார்த்துட்டு இருந்தேன், ஒரு சின்ன தட்டு தட்டினா பந்து போயிடும், அவன் விரல் ரெண்டு தடவை அசைஞ்சுச்சு, அசைஞ்சு நின்னுடுச்சு. சுத்தி நின்னவங்க யாரும் பேசல. ஒரு நிமிஷத்துக்கு மேல போச்சு. அப்புறம் புறங்கையால ஒரு தள்ளு, பந்து கடகடன்னு இறங்கி நேரா போய் வெள்ளைப் பந்தை முட்டி நின்னுச்சு. அவ போட்ட சத்தம் இருக்கே! அந்தப் பையன் இன்னும் திரும்பல, "என்னாச்சு, என்னாச்சு"ன்னு கேட்டுட்டே இருக்கான், ரூல்னு சொல்லியிருந்தோம்ல, அதனால.

அதுக்கப்புறம் எங்க வாலண்டியர் ட்ரெயினிங்க்ல முதல் பாடமே இதுதான். காத்திருங்க. கேள்வி கேட்டா மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க, அதுக்கு முன்னாடி திரும்ப கேக்காதீங்க, பதிலை நீங்களே சொல்லிடாதீங்க. பெயின்ட் பிரஷை குழந்தை கையோட சேர்த்து பிடிச்சு அழகா ஒரு பூ வரைஞ்சு கொடுக்காதீங்க, அது உங்க பூ.

பார்வை இல்லாத குழந்தைகளுக்கு கோல்பால்ல இருந்து ஒரு ஐடியா எடுத்தோம். ரெண்டாம் உலகப்போர்ல கண் போன வீரர்களுக்காக 1946ல ஆரம்பிச்ச விளையாட்டு அது, பந்துக்குள்ள மணி இருக்கும், விளையாடும்போது சுத்தி யாரும் சத்தம் போடக் கூடாது. கோர்ட்டோட கோடுகளுக்கு எல்லாம் தரையில கயிறு வெச்சு அது மேல டேப் ஒட்டியிருப்பாங்க, கையாலயோ காலாலயோ தடவினா தெரியும். அதே மாதிரி நாங்க வாசல்ல இருந்து ஒவ்வொரு ஸ்டாலுக்கும் கயிறு டேப் ஒட்டினோம். கயிறு மெல்லிசா இருக்கணும், முதல்ல ஒட்டினது தடிமனா போய் ஒரு வாக்கர் சக்கரம் தட்டுச்சு, பிச்சுட்டு திரும்ப ஒட்டினோம். இந்த வேலையில இப்படித்தான், ஒரு குழந்தைக்கு வசதியா வைக்கிறது இன்னொரு குழந்தைக்கு இடைஞ்சலா போகும், அதனால ஒவ்வொண்ணையும் ரெண்டு மூணு பேர் பார்வையில பார்க்கணும்.

காத்தடைச்ச ஜம்பிங் கோட்டை வைக்கலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. டவுன் சிண்ட்ரோம் இருக்கிற சில குழந்தைகளுக்கு கழுத்துல மேல இருக்கிற ரெண்டு எலும்பும் சேர்ற இடம் லூசா இருக்கும், எகிறி குதிக்கிறது, குட்டிக்கரணம் இதெல்லாம் தண்டுவடத்துக்கு ஆபத்து. டாக்டர்கிட்ட கேட்டுட்டு பெற்றோர் ஓகே சொன்னாத்தான்னு வெச்சோம், அப்புறம் ஒரு குழந்தையை ஏற விட்டுட்டு இன்னொரு குழந்தையை வேணாம்னு சொல்றது மனசுக்கு ஒப்பல, அதனால எடுத்துட்டோம். காக்ளியர் இம்ப்ளான்ட் (காது கேக்கறதுக்காக ஆபரேஷன் பண்ணி உள்ள வைக்கிற கருவி) வெச்ச குழந்தைங்க பிளாஸ்டிக் சறுக்குல போறதுக்கு முன்னாடி வெளிய மாட்டியிருக்கிற மெஷினை கழட்டணுமான்னு வீட்டுல கேட்டுக்கோங்க, உரசும்போது உண்டாகிற ஸ்டாடிக் கரண்ட் சில மாடலுக்கு ஆகாது. பபுள்ஸ் எல்லாருக்கும் பிடிக்குது, ஆனா டைல்ஸ் மேல வழுக்கும், புல் மேலயோ வெளியிலயோ வைங்க. மினுக் மினுக்குன்னு விட்டு விட்டு எரியிற லைட் வேண்டவே வேண்டாம். வலிப்பு இருக்கிற எல்லாருக்கும் அது தூண்டாது, நூத்துல மூணு பேருக்குதான்னு சொல்றாங்க, ஆனா அந்த ஒரு குழந்தை நம்ம ஹால்ல இருக்கலாம்ல.

வலிப்பு வந்துச்சுங்க, ரெண்டாவது வருஷம். ஒன்பது வயசுப் பையன், பெயின்டிங் டேபிள்கிட்ட. எங்க டீம்ல ஒரு நர்ஸ் அக்கா இருந்தாங்க, அவங்க முதல்ல பண்ணது வாட்சைப் பார்த்தது. சுத்தி இருந்த சேரை தள்ளிட்டு, தலைக்கு கீழ ஒரு துணி வெச்சு, பக்கவாட்டுல திருப்பிப் படுக்க வெச்சாங்க, கை காலை யாரையும் அமுக்கிப் பிடிக்க விடல. ஒருத்தர் வாய்ல வைக்க ஸ்பூனோட ஓடி வந்தாரு, அக்கா கையை நீட்டி நிறுத்தினாங்க. வாய்ல எதுவும் வைக்கக் கூடாது, பல்லு உடையும், மூச்சு அடைக்கும், தண்ணியும் கொடுக்கக் கூடாது. ரெண்டு நிமிஷம் பத்து செகண்ட்ல நின்னுடுச்சு. அஞ்சு நிமிஷம் தாண்டினாலோ, விட்டு விட்டு திரும்ப வந்தாலோ, மூச்சு சரியா இல்லன்னாலோ உடனே ஆம்புலன்ஸ். அதனால வாலண்டியர் எல்லாருக்கும் இதை முன்னாடியே சொல்லிக் கொடுங்க, ஆம்புலன்ஸ் வந்தா உள்ள வர வழியை கார் வெச்சு அடைக்காதீங்க. அந்தப் பையன் ஒரு மணி நேரம் தூங்கி எழுந்து, நான் விட்ட பெயின்டிங் எங்கன்னு கேட்டான். நல்லவேளை யாரோ எடுத்து வெச்சிருந்தாங்க.

சாப்பாட்டுல ஒண்ணே ஒண்ணு, பெற்றோரைக் கேக்காம ஒரு பிஸ்கட் கூட கொடுக்காதீங்க. முழுங்க கஷ்டப்படுற குழந்தைக்கு அது மூச்சுக்குழாய்ல போயிடும், சில பேருக்கு தண்ணியையே கெட்டியாக்கித்தான் கொடுக்கணும். மிக்ஸி ஒண்ணும், வளையிற ஸ்ட்ராவும் வெச்சுக்கோங்க. பெரிய உதவியா இருக்கும்.

வாலண்டியர் விஷயத்துல இன்னும் கொஞ்சம். ஒரு குழந்தைக்கு ஒருத்தர், ஆனா எந்தப் பெரியவரும் குழந்தையோட தனியா மூடின ரூம்ல இருக்கக் கூடாது, பாத்ரூம் வேலை பெற்றோர் மட்டும்தான். இதை சொல்ல கூச்சப்படாதீங்க, நல்லவங்க யாரும் கோச்சுக்க மாட்டாங்க. வீல்சேர் அவங்க உடம்பு மாதிரி, கேக்காம தொடாதீங்க, அது மேல பை மாட்டாதீங்க. குழந்தைகிட்ட கேக்க வேண்டியதை அம்மாகிட்ட கேக்காதீங்க, குழந்தை முகத்தைப் பார்த்துக் கேளுங்க. அப்புறம் குழந்தைங்க முன்னாடி கண் கலங்கி நிக்கிறது. முதல் வருஷம் ஒரு பொண்ணு நல்ல மனசோடதான் அழுதா, ஆனா ஒரு பையன் அவங்க அம்மாகிட்ட "அந்த அக்கா ஏன் என்னைப் பார்த்து அழறாங்க"ன்னு கேட்டான். அழுகை வந்தா வெளிய போய் அழுதுட்டு வாங்க, நாங்களும் அழுதிருக்கோம்.

பணம் பத்தி. கேட்டா கொடுக்கிறாங்க, நிஜமா. ஆனா ஒருத்தர் நிறைய தர்றேன்னு வந்து, ஒவ்வொரு குழந்தைக்கும் கிஃப்ட் கொடுக்கிற மாதிரி வரிசையா நிக்க வெச்சு போட்டோ வேணும்னாரு. முடியாதுன்னோம், பணம் வரல, அந்த வருஷம் ரெண்டு ஸ்டாலை குறைச்சோம். அது எனக்கு சரியாத்தான் படுது. போட்டோவுக்கு சம்மதம் எழுத்துல வாங்கறோம், "வேணாம்"னு சொன்னவங்க குழந்தைக்கு பச்சை பேண்ட், போட்டோ எடுக்கிறவர் பச்சை தெரிஞ்சா கேமராவ இறக்கணும்.

இன்னொரு கேள்வி எல்லாரும் கேக்கறாங்க, ஒரு நாள் விளையாட்டுக்கு இவ்வளவு செலவா, அந்தப் பணத்துல வீல்சேர் வாங்கிக் கொடுக்கலாமேன்னு. வீல்சேரும் வேணும்தான், வேணாம்னு யார் சொன்னா. ஆனா விளையாடுறது குழந்தையோட உரிமைன்னு 1989ல வந்த ஐநா குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில 31வது பிரிவுலயே இருக்கு, 2006ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில 30வது பிரிவு இந்தக் குழந்தைங்க மத்த குழந்தைங்களுக்கு சமமா விளையாட்டுல பங்கெடுக்கணும்னு தனியா சொல்லுது. இந்தக் குழந்தைகளோட வாரம் எப்படின்னு பாருங்க, பிசியோ, ஸ்பீச் தெரபி, ஆஸ்பத்திரி, திரும்ப பிசியோ. எதைத் தொட்டாலும் அது ஒரு எக்சர்சைஸ். பந்து எடுத்தா கூட கைக்கு நல்லதுன்னுதான் கொடுப்பாங்க. சும்மா விளையாடுறதுக்காக விளையாடுறது எங்க இருக்கு அவங்களுக்கு?

கூட வர்ற அண்ணன் தம்பி அக்கா தங்கச்சிகளை மறந்துடாதீங்க. முதல் வருஷம் மறந்தோம், பேண்ட் கூட கொடுக்கல, ஒரு எட்டு வயசுப் பொண்ணு தம்பியோட பையைத் தூக்கிட்டு நாள் முழுக்க ஓரமா நின்னுச்சு. இப்போ அவங்களுக்கும் அதே பேண்ட், அதே கேம்ஸ், அவங்க கையில பை இருந்தா வாலண்டியர் வாங்கிக்கணும். அம்மா அப்பாங்களுக்கு நிழல்ல சேர் போடுங்க, குழந்தையை நாங்க பார்த்துக்கறோம், கண்ணுக்கு எட்டின தூரத்துலதான் இருக்கோம்னு சொல்லி உக்கார வைங்க. நிறைய பேர் முதல் அரை மணி நேரம் உக்காரவே மாட்டாங்க. அப்புறம் பக்கத்து சேர்ல இருக்கிறவங்களோட பேச ஆரம்பிப்பாங்க, எந்த டாக்டர் நல்லா பார்க்கிறாங்க, ராத்திரி தூங்க என்ன பண்றீங்கன்னு. எங்க வாட்ஸ்அப் குரூப் அப்படி உருவானதுதான், இன்னைக்கும் அதுல தினமும் யாராவது யாருக்காவது பதில் சொல்லிட்டு இருக்காங்க.

நேரம் மூணு மணி நேரத்துக்கு மேல வேண்டாம். அன்னைக்கு என்னென்ன நடக்கும்னு வரிசையா படம் போட்டு ஒரு வாரம் முன்னாடியே வீட்டுக்கு அனுப்பிடுங்க, ஹால் வாசல் போட்டோவையும் சேர்த்து, பல குழந்தைங்க அதை தினமும் எடுத்துப் பார்த்திருக்காங்க. முடியப் போறதையும் பத்து நிமிஷம், அஞ்சு நிமிஷம்னு முன்னாடியே சொல்லணும், திடீர்னு லைட்டை அணைச்சு நாற்காலியை அடுக்க ஆரம்பிச்சா நிறைய குழந்தைங்க உடைஞ்சு போயிடுவாங்க.

முடிஞ்ச ரெண்டு நாள்ல எல்லா வீட்டுக்கும் போன் பண்ணி என்ன சரியில்லன்னு கேக்கறோம். நல்லா இருந்துச்சுன்னு மட்டும் சொன்னா விடறதில்ல. பெற்றோர்கிட்ட கேட்டுட்டு குழந்தைகிட்டயும் கேக்கறோம். அந்த பவர் வீல்சேர் பொண்ணு டேப்லெட்ல டைப் பண்ணி அவங்க அம்மா போன்ல அனுப்பியிருந்தா. டைப் பண்ண இருபது நிமிஷம் ஆச்சாம். "பைப் சின்னது. பெரிய பைப் வேணும். அடுத்த தடவை நான் சிவப்பு."

எட்டடி பைப் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கோம், நடுவுல தொய்யாம இருக்க ஸ்டாண்ட் எப்படி பண்றதுன்னுதான் இப்போ யோசிச்சுட்டு இருக்கோம். பண்ணத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.